பத்து வருட எஞ்சினுக்கு மாத விலை எண்ணெய்: வடகடல் சிறுபடகுத் தொழிலாளரின் கோரிக்கைச் சாசனம்

கடற்றொழில், நீரியல் மற்றும் கடல் வளங்கள் அமைச்சுக்கும், கடற்றொழில் திணைக்களத்துக்கும், படகு எஞ்சின் இறக்குமதி செய்து விற்போருக்கும், எங்களுக்குக் கடன் தரும் வங்கிகளுக்கும், எங்கள் சங்க நிர்வாகங்களுக்கும் இதை முன்வைக்கிறோம்.

நாங்கள் குருநகர், பாசையூர், ஊர்காவற்றுறை, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு, மயிலிட்டி, பேசாலை, முல்லைத்தீவுக் கரைகளிலிருந்து ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர்கள். நண்டு வலை, கணவாய்க் கூடு, சூடை வலை என்று ஆளுக்கொரு தொழில். எல்லோருக்கும் பொதுவானது படகின் பின்பலகையில் தொங்குகிற எஞ்சின். படகுக்கு அடுத்தபடியாக, சில வேளை படகுக்கும் மேலாக, எங்கள் காசு முடங்கிக் கிடப்பது அதில்தான்.

கொஞ்சக் காலமாக எங்களிடம் ஒரு கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது. உலகமே ஃபோர் ஸ்ரோக் எஞ்சினுக்கு மாறிவிட்டது, நீங்கள் ஏன் இன்னும் புகை கக்குகிற டூ ஸ்ரோக்கைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று கருத்தரங்குகளில் கேட்கிறார்கள். கரையில் வேறு பேச்சு: ஃபோர் ஸ்ரோக் உல்லாசப் படகுக்காரருக்குச் செய்தது, எங்கள் கடலுக்குச் சரிவராது. இரண்டிலும் பாதி உண்மை உண்டு. எந்த எஞ்சினை வாங்குவது என்று எவரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கணக்குப் பார்த்து வாங்கக்கூடிய நிலைமையைத் தாருங்கள் என்றுதான் கேட்கிறோம். இன்று அந்த நிலைமை இல்லை.

இரண்டையும் பற்றி எங்களுக்குத் தெரிந்தது

எங்கள் கரைகளில் ஓடுபவற்றில் மிகப் பெரும்பாலானவை மண்ணெண்ணெயில் ஓடும் டூ ஸ்ரோக். பெற்றோலில் ஸ்ராட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்புவோம். கரை நெருங்கும்போது மறுபடி பெற்றோலுக்கு மாற்றி, காபுரேற்றரில் நிற்கிற மண்ணெண்ணெயை எரித்து முடித்த பிறகே நிறுத்துவோம். மறந்தால் மறுநாள் விடியப்புறம் கயிறு இழுத்தே தோள் கழன்றுவிடும்.

இந்த எஞ்சினின் சிலிண்டர் தலையில் வால்வு கிடையாது, அடியில் ஒயில் தொட்டி கிடையாது. எண்ணெயோடு கலந்து ஊற்றும் ஒயிலே உள்ளுக்குள் எல்லாவற்றையும் நனைக்கிறது. உறுப்புகள் குறைவு என்பதால் விலையும் பாரமும் குறைவு. பிளக்கும் இரண்டு சாவியும் வைத்திருக்கிற எவரும் கரையிலேயே கழற்றிப் பார்க்கலாம். இதன் கேடும் அதே எளிமையில்தான் இருக்கிறது. புதுக் கலவை சிலிண்டருக்குள் வருகிற நேரத்தில் புகை போகும் வாசலும் திறந்தே இருக்கும். அதனால் காபுரேற்றர் வைத்த டூ ஸ்ரோக்கில் ஊற்றுகிற எண்ணெயில் கால்வாசி வரை, சில வேளை அதற்கும் மேல், எரியாமலே வெளியே போகிறது. நான்கு லீற்றர் வாங்கினால் ஒரு லீற்றரைக் கடலுக்கு ஊற்றுகிறோம். அதுவும் நண்டுக் குஞ்சு வளர்கிற, சாதாழை அடர்ந்த, ஆழமில்லாத எங்கள் கடலுக்கு. இதை யாரும் எங்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. தண்ணீர்மேல் மிதக்கிற எண்ணெய்ப் படலத்தை முதலில் பார்ப்பவர்கள் நாங்கள். நாள் முழுவதும் அந்தப் புகைக்குப் பக்கத்தில் குந்தியிருப்பவர்களும் நாங்களே.

ஃபோர் ஸ்ரோக்கில் இந்தக் கசிவு இல்லை. அதே வேலைக்கு ஏறக்குறைய கால்வாசி முதல் மூன்றிலொரு பங்கு வரை எண்ணெய் மிச்சம். புகை குறைவு, சத்தம் குறைவு, மெதுவாக ஓடும்போது இருமாமல் ஓடும். வலை வாங்கும் நேரத்தில் அது பெரிய சுகம்.

ஆனால் பாரம் இருக்கிறது. 15 குதிரைவலு டூ ஸ்ரோக் நாற்பது கிலோ அளவில் நிற்கும். தொழில் முடிந்ததும் அதைக் கழற்றி, ஒருவர் தோளில் போட்டுக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நடந்து வாடிக்குக் கொண்டுவந்துவிடுவார். அதே வலுவுள்ள ஃபோர் ஸ்ரோக் ஐம்பது கிலோவைத் தொடும் அல்லது தாண்டும். இரண்டு பேர் வேண்டும். கிடத்தும்போதும் புத்தகத்தில் சொன்ன பக்கமாகவே கிடத்த வேண்டும், பிழையான பக்கம் கிடத்தினால் ஒயில் சிலிண்டருக்குள் ஏறிவிடும். இறங்குதுறை இல்லாத கரையில், இருட்டில், காலுக்கடியில் பார் கல்லோடு இறங்குகிறவருக்கு இது பெரிய விஷயம்.

வாடைக்காற்றில் படகு புரண்டு எஞ்சின் உப்புத் தண்ணீர் குடித்துவிட்டால் வித்தியாசம் இன்னும் தெரியும். டூ ஸ்ரோக் என்றால் பிளக்கைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, கயிற்றை இழுத்து இழுத்துத் தண்ணீரை வெளியேற்றி, இரண்டு சொட்டு ஒயில் விட்டு, அன்று மாலையே ஓடவைத்துவிடலாம். ஃபோர் ஸ்ரோக்கில் தொட்டி ஒயிலோடு தண்ணீர் கலந்து பால்போல வெளுத்துப்போகும். ஒருமுறை மாற்றினால் போதாது. வடித்து, ஊற்றி, ஓட்டி, மறுபடி வடிக்க வேண்டும். அந்த ஒயிலை உடனே வாங்க அனலைதீவில் எங்கே போவது?

இவை எல்லாவற்றுக்கும் மேலான ஒன்று, கருத்தரங்குகளில் பேசப்படாதது: கடைக்கு வருகிற ஃபோர் ஸ்ரோக்குகள் பெற்றோலுக்குச் செய்தவை. மண்ணெண்ணெயை ஊற்றினால் எரியாத பங்கு பிஸ்டன் வளையத்தைத் தாண்டி இறங்கி அடியிலுள்ள ஒயிலை நீர்க்கச் செய்துவிடும், வால்வில் கரி பிடிக்கும். ஆகவே எங்களைப் பொறுத்தவரை டூ ஸ்ரோக்கா ஃபோர் ஸ்ரோக்கா என்பது மண்ணெண்ணெயா பெற்றோலா என்ற கேள்விதான். எங்கள் முதற் கோரிக்கை அங்கிருந்தே தொடங்குகிறது.

1. மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் உள்ள விலை இடைவெளியைக் கடற்றொழிலுக்கு ஐந்து வருடத்துக்கு முன்கூட்டி அறிவியுங்கள்

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு நாள் தொழிலுக்கு டூ ஸ்ரோக் 10 லீற்றர் மண்ணெண்ணெய் குடிக்கிறது, அதே தொழிலுக்கு ஃபோர் ஸ்ரோக் 7 லீற்றர் பெற்றோல் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2021 டிசம்பர் இறுதியில் மண்ணெண்ணெய் 87 ரூபா, பெற்றோல் 177 ரூபா. டூ ஸ்ரோக்குக்கு 870 ரூபா, ஃபோர் ஸ்ரோக்குக்கு 1,239 ரூபா. யோசிக்க ஒன்றுமில்லை, மண்ணெண்ணெய்தான். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே தாவலில் 253 ரூபா ஏறி 340 ஆனது. அப்போது பெற்றோல் 450. அந்த விலையில் டூ ஸ்ரோக்குக்கு 3,400, ஃபோர் ஸ்ரோக்குக்கு 3,150. கணக்குத் தலைகீழ். கலக்கும் ஒயிலின் காசையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் விரியும். அந்த நாட்களில் கடன்பட்டாவது ஃபோர் ஸ்ரோக் வாங்கியவர் புத்திசாலி என்று பேசப்பட்டார். 2025 ஜனவரியில் மண்ணெண்ணெய் 183, பெற்றோல் 309. டூ ஸ்ரோக்குக்கு 1,830, ஃபோர் ஸ்ரோக்குக்கு 2,163. அதே புத்திசாலி மறுபடி நட்டத்தில்.

எஞ்சின் ஒருமுறை வாங்கினால் பத்து வருடம் ஓட்டுவோம். எண்ணெய் விலையோ மாதக் கடைசி இரவில் மாறுகிறது. எந்த எஞ்சின் நல்லது என்பதை எஞ்சினைச் செய்தவரும் தீர்மானிக்கவில்லை, கடலும் தீர்மானிக்கவில்லை. கொழும்பில் வெளியாகிற ஓர் அறிவித்தல் தீர்மானிக்கிறது. விலை ஏறவே கூடாது என்று நாங்கள் கேட்கவில்லை. உலகச் சந்தை எங்களுக்கும் தெரியும். பெற்றோல் விலையில் இத்தனை வீதத்துக்கு மேல் மண்ணெண்ணெய் போகாது, அல்லது படிப்படியாக இத்தனை வருடத்தில் இரண்டும் கிட்ட வரும், இரண்டில் ஏதோ ஒன்றை எழுத்தில் சொல்லுங்கள். சமமாக்கப் போகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். அதற்கேற்ப நாங்கள் எஞ்சின் வாங்கிக்கொள்வோம்.

மண்ணெண்ணெய் விலை எங்களுக்கு வெறும் கணக்கல்ல. 2012 பெப்ரவரியில் எரிபொருள் விலையேற்றத்துக்கு எதிராகச் சிலாபத்தில் நடந்த போராட்டத்தில் கடற்றொழிலாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் இங்கே மண்ணெண்ணெயே இல்லாமற் போனது. படகுகள் கரையில் கிடந்த அந்த நாட்களில் நெடுந்தீவு, நயினாதீவு, எழுவைதீவு, அனலைதீவைச் சேர்ந்த 700 பேருக்கென்று இந்தியா 15,000 லீற்றர் தந்தது. நன்றி மறக்கவில்லை. ஆளுக்கு இருபத்தொரு லீற்றர், இரண்டு நாள் தொழிலுக்குக் காணும்.

2. மானியத்தை எண்ணெய்க்குக் கட்டாதீர்கள், தொழிலுக்குக் கட்டுங்கள்

2024 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்ட எரிபொருள் மானியத்தில் சிறுபடகுகளுக்கு மண்ணெண்ணெய் லீற்றருக்கு 25 ரூபா, நாளுக்கு 15 லீற்றர், மாதத்துக்கு 25 நாள் என்ற கணக்கில் 9,375 ரூபா வரை என்று சொல்லப்பட்டது. டீசல் படகுகளுக்குத் தனிக் கணக்கு. பெற்றோலுக்கு எதுவுமில்லை. அதாவது புகை குறைந்த, எண்ணெய் குறைவாகக் குடிக்கிற எஞ்சினுக்கு மாறியவர் மானியத்தை இழந்தார். கால்வாசியைக் கடலில் ஊற்றுகிறவருக்கு அந்தக் கால்வாசிக்கும் சேர்த்து அரசு காசு தந்தது. கடலைக் காப்போம் என்று பதாகை கட்டுகிற அமைச்சு இதைக் கவனிக்கவில்லை என்பது எங்களுக்கு வியப்புத்தான்.

பதிவுள்ள படகுக்கு, தொழில் செய்த நாளுக்கு என்று மானியத்தைக் கொடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவதா பெற்றோல் ஊற்றுவதா என்பது அவரவர் பாடு. மிச்சம் பிடிக்கிறவர் அந்த மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோகட்டும்.

3. ஒரே இரவில் தடை வேண்டாம்

அமெரிக்கா 1996இல் படகு எஞ்சின் புகைக்கு விதி செய்து, 1998 முதல் 2006 வரை படிப்படியாக நடைமுறைப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் தன் உத்தரவைக் கொண்டுவந்தது. பழைய வகை டூ ஸ்ரோக்கை அங்கே புதிதாக விற்க முடியாமற் போனது. புகை குறைந்த நவீன டூ ஸ்ரோக் செய்துகொண்டிருந்த எவின்ரூட்கூட 2020இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆகவே இங்கேயும் ஒருநாள் மாற்றம் வரும் என்பது எங்களுக்குத் தெரியும். நாங்கள் பயப்படுவது மாற்றத்துக்கல்ல, அது வருகிற விதத்துக்கு.

2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் நிறுத்தியதன் விளைவை எங்கள் அயலிலுள்ள கமக்காரரிடம் கேளுங்கள். அதே நாட்டில்தான் 2008இல் டூ ஸ்ரோக் முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே ஓடியவை தொடர்ந்து ஓடின, புதிதாக வாங்கியவர் ஃபோர் ஸ்ரோக் வாங்கினார், எவரும் பட்டினி கிடக்கவில்லை. முன்மாதிரி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. டூ ஸ்ரோக் படகு எஞ்சினுக்கும் ஒரு முடிவு எடுப்பதானால், ஆகக் குறைந்தது ஏழு வருட முன்னறிவித்தல், அதற்குப் பிறகும் பத்து வருடத்துக்கு உதிரிப்பாக இறக்குமதி, பழைய எஞ்சினைக் கொடுத்துப் புதியதை வாங்குவோருக்கு நியாயமான கழிவு, இந்த மூன்றும் சட்டத்தில் இருக்க வேண்டும்.

போர்க்காலத்தில் எங்கள் எஞ்சினின் குதிரைவலுவுக்கே கட்டுப்பாடு இருந்தது. எவ்வளவு தூரம் போகலாம், எப்போது திரும்ப வேண்டும் என்று வேறு யாரோ சொன்ன காலம் அது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு படகும் எஞ்சினும் இனாமாக வந்தன. எந்தக் கரைக்கு எது பொருந்தும் என்று கேட்டுவிட்டுத் தந்தவர்கள் குறைவு. எங்கள் பின்பலகையில் எது தொங்க வேண்டும் என்பதை மூன்றாவது தடவையும் எங்களைக் கேளாமல் முடிவுசெய்ய வேண்டாம்.

4. எங்கள் கடலில், எங்கள் படகில், எங்கள் எண்ணெயில் சோதித்துக் காட்டுங்கள்

முதற் கோரிக்கையில் 10க்கு 7 என்று வைத்தோமே, அது எங்கள் அனுமானக் கணக்கு. உண்மையான எண் என்னவென்று இந்தக் கடலில் எவரும் அளந்து எங்கள் கையில் தந்ததில்லை. விற்பனைத் தாளில் உள்ள எண் வெற்றுப் படகில், அமைதியான தண்ணீரில் எடுத்தது. நாங்கள் போவது நனைந்த வலை, ஐஸ் பெட்டி, மூன்று பேரோடு, சோளகத்துக்கு முகம் கொடுத்து.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அதே பல்கலைக்கழகத்தில் கடற்றொழில் விஞ்ஞானம் படிப்பிக்கிறார்கள். நீரியல் வள ஆராய்ச்சிக்கென்றே நாரா நிறுவனமும் இருக்கிறது. இவர்கள் சேர்ந்து ஒரு வருடம், வாடையிலும் சோளகத்திலும், ஒரே அளவுப் படகுகளில் இரண்டு வகை எஞ்சினையும் பூட்டி ஓட்டட்டும். ஓட்டுபவர் எங்களில் ஒருவராக இருக்கட்டும். அரை வேகத்தில் எவ்வளவு, முழு வேகத்தில் எவ்வளவு, வலை வாங்கும்போது எவ்வளவு என்று பிரித்து அளக்க வேண்டும். புறொப்பெல்லரையும் மாற்றிப் பார்க்க வேண்டும். பாரப் படகுக்கு உல்லாசப் படகின் புறொப்பெல்லரைப் பூட்டிக் கொடுத்துவிட்டு, எஞ்சின் இழுக்கவில்லை என்று ஆளைக் குறை சொல்வது இங்கே வழக்கமாகிவிட்டது.

இன்னொன்றையும் அளக்க வேண்டும்: நின்ற நிலையிலிருந்து பாரத்தோடு எவ்வளவு விரைவில் வேகம் எடுக்கிறது. இழுவைமடித் தொழிலை 2017இன் சட்டம் தடைசெய்தாலும் இந்திய றோலர்கள் எங்கள் வலைமேல் வருவது நிற்கவில்லை. இருட்டில் அவற்றின் வெளிச்சம் கண்டதும் கையிலுள்ள வலையை அள்ளிப்போட்டுக்கொண்டு விலக வேண்டியிருக்கிறது. அந்த ஐந்து நிமிடத்தில் எந்த எஞ்சின் கைகொடுக்கும் என்பது எங்களுக்கு எண்ணெய் மிச்சத்தை விடப் பெரிய கேள்வி.

5. பழுது பார்க்க ஆள் வேண்டும்

எரிபொருளைக் கணினி கொண்டு தெளிக்கிற ஃபோர் ஸ்ரோக்குகள் வரத் தொடங்கிவிட்டன. அவற்றின் பழுதைப் படிக்க ஒரு கருவி வேண்டும், அந்தக் கருவி கொழும்பில் இருக்கிறது என்ற பதிலை எங்களில் பலர் கேட்டிருக்கிறோம். ஒருவருக்கு நடந்தது இது (கடை பெயர் வேண்டாம்): உத்தரவாதக் காலத்துக்குள் எஞ்சின் நின்றுபோய்க் கொண்டுபோனார். தொழிலுக்குப் பாவித்ததால் உத்தரவாதம் பாதிக் காலத்துக்குத்தான் என்று அப்போதுதான் சொன்னார்கள். தொழிலுக்கல்லாமல் வேறெதற்கு அவர் வாங்கினார் என்று நினைத்தார்களோ தெரியாது.

உத்தரவாத விதிகளைத் தமிழில் எழுதி, விற்கும்போதே கையில் கொடுக்க வேண்டும். எந்த எஞ்சினை இறக்குமதி செய்தாலும் அதன் உதிரிப்பாகக் களஞ்சியமும் பழுது பார்ப்பவரும் வடக்கில் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விற்க அனுமதிக்கக் கூடாது. நோர்வே உதவியோடு காரைநகரில் தொடங்கிய சீநோர் நிறுவனம் ஒரு காலத்தில் இந்தக் கரையிலேயே படகு கட்டியது. படகு கட்டிய கரையில் எஞ்சின் பூட்டத் தெரிந்த நூறு பிள்ளைகளைப் பயிற்றுவிப்பது பெரிய வேலையாகாது. பயிற்சியில் பெண்பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும்.

6. கானில் பெற்றோல்

2022இல் கான்களில் எரிபொருள் கொடுக்கக் கூடாது என்று தடை வந்தது. பதுக்கலைத் தடுக்க என்றார்கள், சரி. ஆனால் படகை எண்ணெய் நிலையத்துக்கு ஓட்டிவர முடியாதே! பெற்றோல் எஞ்சின் வாங்கியவர் தட்டுப்பாடு வந்த முதல் நாளே கரையில் நிற்பார் என்பதை அப்போது கண்டுகொண்டோம். பதிவுள்ள படகுக்கு எந்த நெருக்கடியிலும் கானில் பெற்றோல் பெறும் நிரந்தர அனுமதி அட்டை வேண்டும். தீவுகளில் பெற்றோலைப் பாதுகாப்பாகச் சேமிக்க ஏற்பாடு வேண்டும். அது மண்ணெண்ணெய் போன்றதல்ல, வாடிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் வைக்க முடியாது.

7. கடன் தாளில் முழுச் செலவும் இருக்கட்டும்

எஞ்சின் வாங்கும்போது கழுத்திலிருந்து இறங்குவது பெரும்பாலும் மனைவியின் நகை. பிணையாளியாகக் கையெழுத்து வைப்பதும் அவரே. ஆனால் அவர் பார்ப்பது மாதத் தவணையை மட்டும். ஐந்து வருடத்துக்கு எண்ணெய், ஒயில், பராமரிப்பு எவ்வளவு ஆகும் என்று இரண்டு வகை எஞ்சினுக்கும் பக்கம் பக்கமாகப் போட்ட ஒரு தாளைத் தராமல் எந்த வங்கியும் லீசிங் நிறுவனமும் கையெழுத்து வாங்கக் கூடாது. விலை கூடிய ஃபோர் ஸ்ரோக்குக்குத் தவணைக் காலமும் கூட வேண்டும். வாடையில் தொழிலில்லாத மாதங்களுக்குத் தவணை கேட்கக் கூடாது.

8. எங்கள் சங்கங்களுக்கு

இது எங்களுக்கு நாங்களே வைக்கும் கோரிக்கை. ஒயிலைக் கண்மட்டத்துக்குக் கலக்கிறோம். சிலர் மோட்டார் சைக்கிள் ஒயிலையும் ஊற்றுகிறோம். கூடக் கலந்தால் பிளக் கரிப்பிடிக்கும், குறையக் கலந்தால் பிஸ்டன் இறுகும், இரண்டுக்கும் பழி எஞ்சினுக்கு. ஒவ்வொரு சங்கமும் அளவுக் குவளையும், படகு எஞ்சினுக்கென்று தரச்சான்று உள்ள ஒயிலும் வைத்து விற்க வேண்டும். கரைக்குத் திரும்பும்போது ஏலத்துக்கு முந்த முழுக் கைப்பிடியையும் திருகிக்கொண்டு ஓடுகிற பழக்கத்தையும் பேசித் தீர்க்க வேண்டும். ஏலம் கூறும் நேரத்தை ஒழுங்குபடுத்தினால் பாதி தீர்ந்துவிடும்.

பதிலைத் தமிழில், எழுத்தில், கோரிக்கை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தாருங்கள். விலைக்கும் மானியத்துக்கும் மூன்று மாதம் பொறுப்போம். சோதனைக்கு ஒரு வருடம் தேவை என்பதை ஏற்கிறோம். கான் அனுமதிக்கு அவகாசம் எதற்கு? அதற்கு ஒரு சுற்றறிக்கை போதும்.